கைமாற்று மின்சாரம்

'கைமாற்று' என்னும் சொல்லை உங்கள் தாத்தாவோ பாட்டியோ பேசும்போது கேட்டிருக்கலாம். சம்பளம் வர இன்னும் நான்கு நாள் இருக்கும். கையில் காசு தீர்ந்துவிடும். தெரிந்தவரிடம் ஒரு தொகையை வாங்கிச் சமாளித்துவிட்டு, சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். வட்டி கிடையாது, பத்திரமும் கிடையாது. அரிசி, சர்க்கரை, காப்பித்தூள் போன்றவற்றையும் பக்கத்து வீட்டில் இப்படி வாங்குவது உண்டு. எந்தப் பொருளை வாங்கினோமோ அதே பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது இதில் எழுதப்படாத விதி.

இந்தியாவின் மாநிலங்கள் மின்சாரத்தையும் கைமாற்றாகக் கொடுத்து வாங்குகின்றன. கோடையில் இமாசலப் பிரதேசம் டெல்லிக்குக் கொடுக்கும் மின்சாரம், குளிர்காலத்தில் மின்சாரமாகவே இமாசலத்துக்குத் திரும்புகிறது. இரண்டு அரசுகளுக்கு இடையே இப்படி ஒரு பழக்கம் ஏன் ஏற்பட வேண்டும்? ஒரு மாநிலத்தில் மின்சாரம் மிஞ்சினால் அதைச் சேமித்துவைத்து, தேவைப்படும்போது தானே எடுத்துக்கொள்ளக் கூடாதா?

குவித்துவைக்க முடியாத பண்டம்

நெல் மிஞ்சினால் களஞ்சியத்தில் குவிக்கலாம். எண்ணெய் மிஞ்சினால் பீப்பாயில் நிரப்பலாம். மின்சாரம் அப்படிப்பட்ட பண்டம் அன்று. ஒரு நாடு முழுவதும் இந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் பயன்படுத்தப்படுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு மின்சாரம் இந்த நொடியில் உற்பத்தியாகிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய மின்கலங்கள் இப்போது வந்துவிட்டன. ஆனாலும், ஒரு மாநிலத்தின் கோடைக்கால மின்சாரத்தைக் குளிர்காலம்வரை வைத்திருக்கும் அளவுக்கு அவை இல்லை.

தேவையும் உற்பத்தியும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. அதுதான் மின்சாரத்தின் அலைவெண். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் அது நொடிக்கு 50 சுழற்சிகளாக இருக்க வேண்டும். சமதரையில் ஒரே வேகத்தில் மிதிவண்டி ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். திடீரென்று மேடு வந்தால், மிதிக்கும் வலிமையைக் கூட்டாவிட்டால் வேகம் குறையும். இறக்கம் வந்தால், மிதிப்பதைக் குறைக்காவிட்டால் வேகம் கூடும். மின்சாரமும் இப்படித்தான். மக்கள் பயன்படுத்தும் அளவு உற்பத்தியைவிடக் கூடினால் அலைவெண் 50-க்குக் கீழே இறங்கும். குறைந்தால் மேலே ஏறும். இந்தியாவில் அது 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு குறுகிய எல்லை என்று பாருங்கள். அதைத் தாண்டி வெகுதூரம் போனால் இயந்திரங்கள் பழுதாகும். ஆகவே, மின்னுற்பத்தி நிலையங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும்.

இதனால் ஒவ்வொரு மாநிலத்திலும் மின்சுமைப் பகிர்மான மையம் ஒன்று இரவு பகலாக இயங்குகிறது. நாளை எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று அங்குள்ள பொறியாளர்கள் இன்றே கணிக்கிறார்கள். நாள் என்பது அவர்களுக்கு 24 மணி நேரம் அன்று. கால்மணி நேரத் துண்டுகள் 96. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கு. மழை வந்தால் கணக்கு மாறும். பண்டிகை என்றால் மாறும். கிரிக்கெட் இறுதியாட்டம் என்றாலும் மாறும்.

பனி உருகும் மாநிலமும் நெல் நடும் மாநிலமும்

இமாசலப் பிரதேசம் இமயமலைச் சாரலில் இருக்கிறது. சட்லெஜ், பியாஸ், ராவி, செனாப் ஆகிய ஆறுகள் அதன் வழியாக ஓடுகின்றன. அவற்றின்மீது பல நீர்மின் நிலையங்கள் உள்ளன. சட்லெஜ் ஆற்றிலுள்ள நாத்பா ஜாக்ரி நிலையம் மட்டும் 1,500 மெகாவாட் திறனுடையது. ஆற்றைக் கொடுத்ததற்கு ஈடாக, இத்தகைய பெரிய நிலையங்களின் மின்சாரத்தில் 12 விழுக்காடு அம்மாநிலத்துக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கோடையில் மலைமீதுள்ள பனி உருகும். அடுத்துப் பருவமழையும் சேரும். ஆறுகள் கரைபுரண்டு ஓடும். அந்த மாதங்களில் இமாசலத்துக்குத் தேவையானதைவிட அதிக மின்சாரம் கிடைக்கும்.

குளிர்காலத்தில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. உயரத்தில் நீர் பனியாக உறைந்துவிடுவதால் ஆறுகள் மெலிந்துபோகும். மின்னுற்பத்தி பெருமளவு குறையும். ஆனால் சிம்லாவில் வீட்டுக்கு வீடு வெப்பமூட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் கொடை கொடுத்த மாநிலம் குளிரில் கையேந்த வேண்டிய நிலை.

பக்கத்திலிருக்கும் பஞ்சாபைப் பாருங்கள். அங்கே நெல் நடவு ஜூன் மாதத்தில் நடக்கிறது. பருவமழை அங்குப் போய்ச் சேர ஜூன் இறுதியோ ஜூலை தொடக்கமோ ஆகிவிடும். அதுவரை வயலுக்குத் தண்ணீர் நிலத்தடியிலிருந்துதான் வர வேண்டும். ஏறத்தாழ 1.4 மில்லியன் ஆழ்குழாய்க் கிணறுகளின் மின்மோட்டார்கள் அப்போது ஓடுகின்றன. 2024 ஜூன் மாதத்தில் பஞ்சாபின் மின்தேவை 16,000 மெகாவாட்டைத் தாண்டியது. அறுவடை முடிந்து குளிர்காலம் வந்ததும் மோட்டார்கள் அடங்கிவிடும். தேவையும் பெரிதும் குறையும். டெல்லியின் கதையும் இதைப் போன்றதே. மோட்டாருக்குப் பதில் அங்கே குளிரூட்டி. 2024 ஜூன் மாத வெப்பத்தில் டெல்லியின் தேவை 8,600 மெகாவாட்டைத் தாண்டியது. சிங்கப்பூர் முழுவதற்கும் உச்ச நேரத்தில் தேவைப்படுவது ஏறக்குறைய 8,000 மெகாவாட் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு நகரத்தின் தேவை எத்தகையது என்பது புரியும்.

ஒருவருக்குக் கோடையில் மிச்சம், குளிரில் பஞ்சம். மற்றவருக்குக் கோடையில் பஞ்சம், குளிரில் மிச்சம். இரண்டும் பொருந்துகின்றன. ஜூன் முதல் செப்டம்பர்வரை இமாசலம் தன் மிச்சத்தைப் பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் அனுப்புகிறது. குளிர்கால மாதங்களில் அவை தங்கள் அனல்மின் நிலையங்களில் கூடுதலாக உற்பத்தி செய்து திருப்பி அனுப்புகின்றன. மின்சாரத்துக்கு விலையாகப் பணம் கைமாறுவதில்லை. மின்கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான கட்டணமும், நடுவில் ஏற்பாடு செய்பவருக்கான சிறு தொகையும் மட்டுமே செலவு. சில ஒப்பந்தங்களில் 100 யூனிட் வாங்கியவர் 105 யூனிட் திருப்பித் தருவதும் உண்டு. வட்டியில்லாக் கைமாற்று என்று முதலில் சொன்னேன் அல்லவா? அரசாங்கங்களுக்குள் சிறிது வட்டி இருக்கத்தான் செய்கிறது!

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கோடையில் அனுப்பிய அதே மின்சாரத்தை டெல்லி ஓரிடத்தில் வைத்திருந்து திருப்பித் தருவதில்லை. அது அப்போதே செலவாகிவிட்டது. மீட்டர்களில் பதிவாகும் கணக்கு மட்டும்தான் நிற்கிறது. கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு 'இது இமாசலத்தினுடையது' என்று நிறமோ முத்திரையோ கிடையாது. பொதுக்குளம் ஒன்றில் ஒருவர் பத்து வாளித் தண்ணீர் ஊற்றுகிறார். இன்னொருவர் பத்து வாளி எடுத்துக்கொள்கிறார். யார் ஊற்றினார், யார் எடுத்தார் என்று எழுதிவைப்பதுதான் முக்கியம்.

காற்று நாள்காட்டியைப் பார்ப்பதில்லை

தமிழ்நாட்டுக்கும் இத்தகைய கைமாற்று உண்டு. ஆனால் அங்கே பனிக்குப் பதில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் வழியாகச் சீறிக்கொண்டு வருகிறது. அந்தக் காற்றின் வழியில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். மே மாதப் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர்வரை அவை சுழன்று தள்ளும். அக்டோபரில் காற்று ஓய்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், தமிழ்நாட்டின் மின்தேவை உச்சத்துக்குப் போவது காற்று வருவதற்கு முன்னால். 2024 மே மாதத் தொடக்கத்தில் அது 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. ஆகவே மாநில மின்வாரியம் கோடையில் வட மாநிலங்களிடம் வாங்கி, காற்றுக் காலத்தில் திருப்பித் தரும் ஒப்பந்தங்களைச் செய்துகொள்கிறது. காற்றுக் காலம் என்பது பஞ்சாபுக்கு நெல் நடவுக் காலமாகவும் இருப்பதால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு அங்கே உடனடித் தேவை இருக்கிறது.

பனி உருகுவதை ஓரளவு நம்பலாம். காற்றை அந்த அளவுக்கு நம்ப முடியாது. பருவக்காற்று பத்து நாள் தாமதித்தால் என்ன ஆகும்? கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, சந்தையில் விலைக்கு வாங்கியாவது திருப்பித் தர வேண்டும். எதிர்பார்த்ததைவிட அதிகமாக வீசினாலும் தொல்லைதான். நள்ளிரவில் மக்கள் உறங்கும்போது காற்றாலைகள் முழுவேகத்தில் சுழலும். அந்த மின்சாரத்துக்கு இடம் தர, நிலக்கரியால் இயங்கும் அனல்மின் நிலையங்களின் உற்பத்தியைக் குறைப்பார்கள். அவற்றை 55 விழுக்காட்டுக்குக் கீழே இறக்குவது கடினம். முழுவதும் நிறுத்திவிட்டால் மீண்டும் கொதிகலனைச் சூடாக்கி இயக்கப் பல மணி நேரம் பிடிக்கும். மாலையில் தேவை கூடும்போது கைகொடுக்காது. கடைசியில் காற்றாலைகளையே நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரம் வீணாகும். காற்றாலை உரிமையாளர்கள் இதை எதிர்த்து முறையிட்டதும் உண்டு.

மிஞ்சும் மின்சாரத்தை ஒரு நாளுக்கேனும் சேமித்துவைக்க ஒரு பழைய வழி இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைப் பகுதியில் காடம்பாறை என்னும் நீர்மின் நிலையம் உள்ளது. மலைக்குள் குடைந்து அமைத்த 400 மெகாவாட் நிலையம் அது. 1980-களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. மேலே ஒரு நீர்த்தேக்கம். கீழே ஒரு நீர்த்தேக்கம். மின்சாரம் தேவைப்படும்போது மேலிருந்து நீர் விழுந்து இயந்திரத்தைச் சுழற்றும். மின்சாரம் மிஞ்சும்போது அதே இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்று, கீழே விழுந்த நீரை மேலே ஏற்றும். ஏற்றுவதற்கு 100 யூனிட் செலவானால், இறங்கும்போது கிடைப்பது 70 முதல் 80 யூனிட்தான். கணக்குப்படி நட்டம். ஆனால் யாருக்கும் வேண்டாத நேரத்து 100 யூனிட்டைவிட, எல்லாரும் கேட்கும் நேரத்து 75 யூனிட்டுக்கு மதிப்பு அதிகம்.

மிச்சத்துக்கும் விலை உண்டு

பற்றாக்குறை என்றால் துன்பம் என்பது எல்லாருக்கும் தெரியும். மின்விசிறி நிற்கும், தொழிற்கூடம் முடங்கும், தேர்வுக்குப் படிப்பவர் மெழுகுவத்தி தேடுவார். உபரியும் துன்பம்தான் என்று சொன்னால் நம்புவது கடினம். உங்கள் கைப்பேசிச் சந்தாவை எண்ணிப் பாருங்கள். மாதத்துக்கு இவ்வளவு தரவு என்று பணம் கட்டிவிடுகிறோம். பள்ளி முகாமுக்குப் போய்க் கைப்பேசியைத் தொடாமலே இருந்தாலும் அந்த மாதப் பணம் திரும்பி வராது.

இந்திய மாநிலங்கள் அனல்மின் நிலையங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 25 ஆண்டுகளுக்கானவை. அவற்றில் கட்டணம் இரண்டு பகுதிகளாக இருக்கும். ஒன்று நிலைக் கட்டணம்: நிலையத்தைக் கட்டிய கடன், பராமரிப்பு, ஊழியர் சம்பளம் ஆகியவற்றுக்கானது. மற்றொன்று எரிபொருள் கட்டணம்: மின்சாரம் எடுத்தால் மட்டும் தர வேண்டியது. நிலையம் தயாராக இருந்து, மாநிலம் மின்சாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், எரிபொருள் கட்டணம் மிச்சமாகும். நிலைக் கட்டணம் மிச்சமாகாது. பஞ்சாபில் நெல் நடவு நடக்கும் சில மாதங்களுக்காக ஒப்பந்தம் செய்த நிலையங்கள், குளிர்காலத்தில் சும்மா இருந்தபோதும் நிலைக் கட்டணம் போய்க்கொண்டே இருந்தது. 'பயன்படுத்தாத மின்சாரத்துக்கு நாம் ஏன் பணம் தர வேண்டும்?' என்னும் கேள்வி அங்கே தேர்தல் மேடைகள்வரை எட்டியது. 2024-ல் அம்மாநில அரசு 540 மெகாவாட் தனியார் அனல்மின் நிலையம் ஒன்றை 1,080 கோடி ரூபாய்க்கு விலைக்கே வாங்கிக்கொண்டது.

அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் மறுபக்கமும் உண்டு. ஜூன் மாதத்தில் அந்த நிலையங்கள் இல்லாமல் போனால் நாற்று காய்ந்துவிடும். பஞ்சாபில் விளையும் நெல்லில் பெரும்பகுதி நாடு முழுவதும் நியாயவிலைக் கடைகளுக்குப் போகிறது. தீயணைப்பு வண்டி பெரும்பாலான நாள்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதற்காக அதை விற்றுவிட முடியாது. எத்தனை வண்டி போதும் என்பதில்தான் விவாதம் இருக்க வேண்டும்.

கால்மணி நேரத்துக்கு ஒரு விலை

நீண்டகால ஒப்பந்தமும் கைமாற்றும் போதாத நேரங்களில் மாநிலங்கள் மின்சாரச் சந்தைக்குப் போகின்றன. 2008 ஜூன் மாதத்தில் இந்தியாவின் முதல் மின்சாரச் சந்தை இயங்கத் தொடங்கியது. நாளைய 96 கால்மணித் துண்டுகளில் எதில் எவ்வளவு வேண்டும், என்ன விலைவரை தருவோம் என்று வாங்குபவர்கள் தெரிவிப்பார்கள். விற்பவர்கள் தங்கள் அளவையும் விலையையும் சொல்வார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அந்தத் துண்டின் விலை முடிவாகும். 2020 ஜூன் முதல், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன்பு வாங்கும் உடனடிச் சந்தையும் நடக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கணக்கு. ஒரு மாநிலத்தின் அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு நிலைக் கட்டணம் 1.50 ரூபாய், எரிபொருள் 3.50 ரூபாய். நண்பகலில் நாடெங்கும் சூரியத் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டுவதால் சந்தை விலை 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தன் நிலையத்தைத் தணித்துவிட்டுச் சந்தையில் வாங்கினால் யூனிட்டுக்கு 1.50 ரூபாய் மிச்சம். மாலை ஏழு மணிக்குச் சூரியன் இல்லை; எல்லா வீடுகளிலும் விளக்கும் குளிரூட்டியும் ஓடுகின்றன. சந்தை விலை 10 ரூபாய்க்குப் போகிறது. இப்போது தன் நிலையத்தை முழுவதும் இயக்கி, தேவைக்கு மேல் இருப்பதை விற்றால் யூனிட்டுக்கு 6.50 ரூபாய் மிஞ்சும். ஒரே நாளில் அந்த மாநிலம் வாங்குபவராகவும் விற்பவராகவும் இருந்துவிட்டது. திறமையான பொறியாளர் கையில் இருந்தால் உபரி இப்படிப் பணமாகும்.

எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நேரத்தில் பஞ்சம் வந்தால் இந்தக் கணக்கு உதவாது. 2022-ல் கோடை மார்ச் மாதத்திலேயே கடுமையானது. நிலக்கரி இருப்பும் போதவில்லை. சந்தையில் யூனிட் விலை உச்சவரம்பான 20 ரூபாயைத் தொட்டது. ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு உச்சவரம்பை 12 ரூபாயாகவும், மறு ஆண்டு 10 ரூபாயாகவும் குறைத்தது. விலை குறைந்தது என்பதற்காக மின்சாரம் கூடிவிடவில்லை. அந்த ஏப்ரல் மாதத்தில் ஆந்திரப் பிரதேசம் தொழிற்சாலைகளுக்கு மின்விடுமுறை அறிவித்தது. அதாவது, வாரத்தில் குறிப்பிட்ட நாள்கள் இயந்திரங்களை நிறுத்திவைக்க வேண்டும்.

கேட்காமல் எடுத்தால்

கைமாற்று வாங்கலாம், விலைக்கு வாங்கலாம். இரண்டும் செய்யாமல், பொதுக்குளத்திலிருந்து தன் பங்குக்கு மேல் ஒருவர் அள்ளிக்கொண்டால்? கம்பி இணைந்திருப்பதால் மின்சாரத்தில் இது எளிதாக நடந்துவிடும்.

2012 ஜூலை மாதத்தில் வட இந்தியாவில் பருவமழை பொய்த்திருந்தது. வயலுக்கு நீர் இறைக்க மோட்டார்கள் ஓயாமல் ஓடின. சில மாநிலங்கள் தங்களுக்கு ஒதுக்கிய அளவுக்கு மேல் மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருந்தன. பராமரிப்புக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் சில மின்தொடர்கள் இயக்கத்தில் இல்லை. ஜூலை 30 அதிகாலை இரண்டரை மணி அளவில், மிகுந்த சுமையைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரு மின்தொடர் துண்டித்துக்கொண்டது. அதன் சுமை மற்றவற்றின்மீது விழ, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. வட இந்தியா இருளில் மூழ்கியது. பெரும்பாடுபட்டு அன்று மாலைக்குள் மின்சாரம் திரும்பியது. மறுநாள் நண்பகல் ஒரு மணி அளவில் மீண்டும் அதே கதை. இம்முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன.

ஏறத்தாழ 620 மில்லியன் மக்களை அந்த மின்தடை பாதித்தது. உலக வரலாற்றில் அவ்வளவு பேரை ஒரே நேரத்தில் பாதித்த மின்தடை அதற்குமுன் நடந்ததில்லை. ரயில்கள் நடுவழியில் நின்றன. டெல்லி மெட்ரோ நின்றது. கிழக்கு இந்தியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில், மின்தூக்கி இயங்காமல் தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டார்கள். அனல்மின் நிலையத்தை மறுபடியும் இயக்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அதனால்தான் இத்தகைய நேரத்தில் முதலில் நீர்மின் நிலையங்களை எழுப்பி, அவற்றின் துணையோடு மற்றவற்றை எழுப்புகிறார்கள்.

தென்மாநிலங்கள் அன்று தப்பின. தென்னிந்திய மின்கட்டமைப்பு அப்போது மற்றவற்றோடு முழுமையாக இணைந்திருக்கவில்லை. ஆனால் அதே பிரிவுதான் தமிழ்நாட்டுக்கு வேறொரு வகையில் கேடாக இருந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. கோயம்புத்தூரின் சிறு தொழிற்கூடங்களில் கடைசல் இயந்திரங்கள் பாதி நாள் நின்றன. மற்ற பகுதிகளில் விற்பனைக்கு மின்சாரம் இருந்த நேரங்களிலும், அதைத் தெற்கே கொண்டுவரும் மின்தொடர்களில் இடமில்லை. பணம் இருந்தும் வாங்க முடியாத நிலை. நாட்டின் பிற பகுதிகளைவிடத் தெற்கில் சந்தை விலையும் கூடுதலாகவே இருந்தது.

2013 டிசம்பர் 31 அன்று, கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் மின்தொடர் வழியாகத் தெற்கும் தேசிய மின்கட்டமைப்பில் இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரிவரை ஒரே அலைவெண். பிறகு சத்தீஸ்கர் மாநிலத்தின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்தின் புகளூர்வரை 6,000 மெகாவாட்டைச் சுமக்கக்கூடிய உயர் அழுத்த மின்தொடர் வந்தது. 2021-ல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கோடையில் அதன் வழியாக நிலக்கரி மின்சாரம் தெற்கே வரலாம். ஆடி மாதத்தில் காற்று மின்சாரம் வடக்கே போகலாம். கைமாற்று என்பது பேச்சோடு நின்றுவிடாமல் நடப்பதற்கு இப்படிப்பட்ட பாதைகள் வேண்டும்.

நம் வட்டாரத்தில்

சிங்கப்பூரில் பெரிய ஆறும் இல்லை; பலத்த காற்றும் இல்லை. சூரியத் தகடுகள் பதிக்கக் கூரைகளும் நீர்த்தேக்கங்களும்தான் உள்ளன. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, வெளியிலிருந்து வாங்கும் இயற்கை எரிவாயுவால் உற்பத்தியாகிறது. இதுவரை எரிபொருளை வாங்கி இங்கே மின்சாரம் செய்தோம். இப்போது மின்சாரத்தையே வாங்கத் தொடங்கியிருக்கிறோம். 2035-க்குள் ஏறத்தாழ 6,000 மெகாவாட் அளவுக்குக் கரிமம் குறைந்த மின்சாரத்தை இறக்குமதி செய்வது அரசாங்கத்தின் திட்டம்.

அதன் முதல் அடி 2022 ஜூன் மாதத்தில் எடுத்துவைக்கப்பட்டது. லாவோஸ் நாட்டு நீர்மின்சாரம், தாய்லாந்து, மலேசியா வழியாக, 100 மெகாவாட்வரை சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது. நான்கு ஆசியான் நாடுகள் சேர்ந்து எல்லை தாண்டி மின்சார வணிகம் செய்தது அதுவே முதல் முறை. நம் மொத்தத் தேவையில் அது சிறு துளி. ஆனால் அந்தத் துளி வந்துசேர நான்கு நாடுகளின் கணக்கும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. லாவோஸ் எவ்வளவு ஊற்றியது, சிங்கப்பூர் எவ்வளவு எடுத்தது, இடையிலுள்ள இரு நாடுகளின் மின்தொடர்களுக்கு என்ன கட்டணம் என்பதையெல்லாம் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

மீக்கோங் ஆற்றிலும் அதன் கிளையாறுகளிலும் பல அணைகளைக் கட்டியுள்ள லாவோஸ், தன்னைத் தென்கிழக்காசியாவின் மின்கலம் என்று சொல்லிக்கொள்கிறது. மழைக்காலத்தில் அது பொருத்தமான பெயர்தான். வறண்ட மாதங்களில் அணைகளில் நீர் குறைந்துவிடும். அப்போது லாவோஸ், தான் மின்சாரம் விற்கும் அதே தாய்லாந்திடமிருந்து மின்சாரம் வாங்குகிறது.